வாசல் சரிவும் வீட்டு வரியும்

எங்கள் வீட்டு வரி கூடியதற்குக் காரணம் அக்காவின் குளியலறை. வரிச் சீட்டில் அப்படி எழுதியிருக்கவில்லை. கட்டடத்தின் பரப்பு கூடியிருக்கிறது, அதனால் வரியும் கூடுகிறது என்றுதான் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் புதிதாக எழும்பியது அந்த ஒன்றுதான்.

அக்கா என்னைவிட மூத்தவள். கைக்குழந்தையாக இருந்தபோது இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அதே வீட்டில் அவளும் நானும் என் மனைவியுமாக இருக்கிறோம். ஒரே மகளை மாகறலில் கட்டிக்கொடுத்துவிட்டோம். காஞ்சிபுரம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஓர் ஆட்டோ நுழைந்தால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்தில் வீடு. மழை பெய்தால் சந்து நிரம்பிவிடும். அதற்குப் பயந்து அப்பா தரையை உயர்த்திக் கட்டிவிட்டார். வாசலில் செங்குத்தான படிகள்.

அந்தப் படிகளால் அக்கா பல வருடம் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போக வேண்டுமென்றால் நான் தூக்கிக்கொண்டு இறங்குவேன். தூக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். தெருவில் யார் பார்க்கிறார்கள் என்று தெரியாமல் இருப்பதற்காக மூடிக்கொள்கிறாள் என்று எனக்குத் தெரியும். இறக்கி வைத்த பிறகும் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

பிறகு அரசாங்கத்தில் பின்பக்கம் இரண்டு சக்கரம் கூடுதலாக வைத்த ஸ்கூட்டர் கொடுத்தார்கள். அதற்காக வாசலில் படியை இடித்துவிட்டுச் சரிவாகச் சிமெண்டு போட்டோம். வாசற்படியில் தொடங்கி, கால்வாய் மேல் இருந்த பலகைக்கல்லைத் தாண்டி, சந்து வரைக்கும் இறங்கியது. வண்டி முன்னறையிலேயே நிற்கும். அக்கா கட்டிலிலிருந்து கைகளை ஊன்றி அதில் ஏறி உட்காருவாள். முறுக்குவாள். சரிவில் இறங்கிப் போய்விடுவாள். கூடவே பின்பக்கம், சக்கர நாற்காலியோடு உள்ளே போய்த் திரும்பி வருகிற அளவுக்கு ஒரு குளியலறையும் கட்டினோம்.

அன்றிலிருந்து அக்கா என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். பட்டுப் புடவை முந்தானைக்குக் குச்சு கட்டுவது அவள் தொழில். முன்பெல்லாம் கடைகளிலிருந்து புடவை வாங்கி வருவதும் கட்டி முடித்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தான். இப்போது அவளே போனாள். கடைக்காரர்களிடம் அவளே பேரம் பேசினாள். ஒருநாள் சாயங்காலம் வரை வரவில்லை. நாங்கள் பயந்துபோய் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். வந்து இறங்கியவளிடம் எங்கே போனாய் என்று கேட்டால், "தாமல் ஏரி ரொம்பிடுச்சின்னு சொன்னாங்க. பாத்துட்டு வந்தேன்" என்றாள். அவ்வளவுதான். ஏரி எப்படி இருந்தது என்றுகூடச் சொல்லவில்லை.

வரிச் சீட்டு வந்தது அதற்குப் பிறகு. என் மனைவி அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"குளிக்கறதுக்கு ஒரு எடம் கட்டுனா அதுக்கும் கூடவா?"

"பரப்பு கூடிடுச்சாம்."

"நாம இன்னா மாடியா கட்டி வாடகைக்கு வுட்டோம்?"

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அலுவலகக் காகிதம் எதைப் பார்த்தாலும் அதில் எழுதியிருப்பதுதான் சரி, நாம்தான் எங்கேயோ தவறு செய்திருக்கிறோம் என்று தோன்றும்.

நான் ஒரு பட்டுக் கடையில் புடவை மடிக்கிறேன். கல்யாணக் கூட்டம் வந்து உட்கார்ந்தால், புடவை காட்டுகிறவர் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிரித்துப் போட்டுக்கொண்டே இருப்பார். அவர்கள் எழுந்து போன பிறகு, மடிப்புக் கலையாமல் பழையபடி மடித்து அடுக்குவது என் வேலை. வாயைத் திறக்கத் தேவையில்லை என்பதால் எனக்கு அது பிடித்துப்போயிற்று. என் பக்கத்தில் புடவை காட்டுகிறவர் அதற்கு நேர்மாறு. பேசியே பாதிக் கடையை விற்றுவிடுவார். அன்று கூட்டம் இல்லாத நேரத்தில் என்னைப் பார்த்து, "இன்னாபா, மொகம் தொங்கிக்கினு இருக்குது?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"உங்க அக்கா இருக்காங்க இல்ல? மாற்றுத்திறனாளி இருக்கற வூட்டுக்கு வரியில சலுகை கேக்கலாம்பா. மனு குடு."

"குடுத்தா கொறைப்பாங்களா?"

"அது எனக்கு இன்னா தெரியும்? கேக்கலன்னா கண்டிப்பா கொறைக்க மாட்டாங்க. நீ புடவைய மடிக்கிற மாதிரி பேச்சையும் மடிச்சி மடிச்சி உள்ளயே வச்சிக்கினு இருந்தீன்னா எவனுக்குத் தெரியும் உன் கஷ்டம்?"

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னபோது அவள் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. குச்சு கட்டிக்கொண்டிருந்த நூலைப் பல்லில் கடித்தபடியே, "எனக்குக் கால் வரலன்னா வூட்டு வரிய ஏன்டா கொறைக்கணும்? நான் சம்பாரிக்கல?" என்று கேட்டாள். நான் சாப்பிட உட்கார்ந்தேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் அவளே யோசித்துவிட்டாள்.

"தம்பி, அந்த ரூமு ஏன் அம்மாம் பெருசு?"

"நாற்காலி திரும்பணும்னு."

"நடக்கறவங்க மட்டும் இருக்கற வூட்ல அதுல பாதி இருந்தா போதும். மீதி எடம் வசதிக்குக் கட்டுனது இல்ல. சக்கரத்துக்குக் கட்டுனது. அத மட்டும் கழிச்சிடுங்கன்னு கேளு. பாவம் பாருங்கன்னு கேக்காத. வந்து அளந்து பாருங்கன்னு கேளு."

அவள் மிஷன் விடுதியில் தங்கி ஒன்பதாவது வரை படித்தவள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பிழை இருந்த இடத்தை அவள் திருத்தினாள். கீழே கையெழுத்து அவள்தான் போட்டாள். மறுநாள் கடைக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். வாங்கிக்கொண்டவர் படித்துப் பார்த்து, "வந்து பாப்பாங்க" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் காத்திருந்தோம்.

வந்து பார்ப்பார்கள் என்றதைக் கடையில் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. புடவை காட்டுகிறவர் எனக்கு நல்லது நினைத்தே சொன்னார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"ஆபீசர் வரும்போது வூடு கொஞ்சம் பாவமா தெரியணும்பா. அந்த வண்டிய முன்னாடி நிறுத்தி வச்சீன்னா இவங்களுக்கு இன்னா கொறைன்னு நெனப்பாரு. குச்சு கட்டற வேலய பாத்தாருன்னு வை, வூட்ல தொழில் நடக்குதுன்னு கடைக்குப் போடற வரியப் போட்டுட்டுப் போயிடுவாரு."

இதை வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். அக்காவுக்கு இருபது வருடத்துக்கு மேல் துணி துவைத்துப் போட்டவள், காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். அக்காவும் அவளை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. இருவரும் சேர்ந்துகொண்டு என்னைக் கேலி செய்வதே வழக்கம்.

மாநகராட்சியிலிருந்து ஆள் வந்தது நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலை. வரிக்கு அளக்கிறவர் சந்து முனைக்கு வந்துவிட்டார் என்று யாரோ சொன்னதும் என் மனைவி ஓடி வந்தாள். கட்டில் மேல் இருந்த புடவைகளைப் போர்வையில் மூட்டை கட்டிப் பரணில் போட்டாள். வண்டியைச் சரிவில் உருட்டி இறக்கி எதிர்வீட்டுச் சுவரோரம் நிறுத்தினாள். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள்.

"இன்னாத்துக்கும்மா இது?" என்று அக்கா கேட்டாள்.

"சும்மா இருங்க அண்ணி. கொஞ்ச நேரம் படுத்துக்குங்க."

அக்கா படுக்கவில்லை. கையில் வேலை இல்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அப்படி நான் அவளைப் பார்த்ததில்லை.

வந்தவர் எங்களைவிட வயதில் சிறியவர். மரியாதையாகப் பேசினார். குளியலறையை அளந்தார். டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். நாற்காலி எப்படி உள்ளே போகும், எங்கே திரும்பும் என்று கேட்டார். நான் கையால் காட்டினேன். "நல்லாத்தான் யோசிச்சுக் கட்டியிருக்கீங்க" என்று குறித்துக்கொண்டார். மனு சொன்னது அவருக்குப் புரிந்துவிட்டது என்றே நினைத்தேன். முன்னறைக்கு வந்து அக்காவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, பொதுவாகத்தான் கேட்டார்.

"வெளியில போறது, வர்றதெல்லாம் எப்படிம்மா?"

என் மனைவி முந்திக்கொண்டாள். "எங்க சார் போறது? வாசல தாண்டி வருசக்கணக்காவுது. இந்த நாலு செவருதான் சார் அவங்களுக்கு."

அக்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் அதையும் எழுதிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் இறங்கியதும் நின்றார். சரிவைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"இது கால்வாய் மேல வருதே. இதுக்கு யார்கிட்ட கேட்டீங்க?"

"அவங்களுக்காகத்தான் சார் போட்டது" என்றாள் என் மனைவி.

"அவங்க வெளியிலயே போறதில்லன்னு இப்பதானேம்மா சொன்னீங்க? அப்ப இது யாருக்கு? பைக் ஏத்தறதுக்கா?"

அவர் குத்திக் கேட்கவில்லை. எங்கள் சந்தில் பாதி வீட்டில் மோட்டார் சைக்கிள் ஏற்றுவதற்காக இப்படித்தான் கால்வாயை மூடிச் சிமெண்டு போட்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் தன் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சுவரோரம் அக்காவின் வண்டி நின்றது. என் மனைவி வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. உள்ளே இருந்த அக்காவுக்கு எல்லாம் கேட்டிருக்கும். வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு சுவர்கூட இல்லை. ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். அவள் கொடுக்கவில்லை.

"மழைக்கு முன்னாடி கால்வாய் தூர் வாரணும். மேல இருக்கறத எடுக்கச் சொல்லி எழுதறேன். இது ஒண்ணு மட்டும் இல்ல, தெரு முழுக்கத்தான்" என்று சொல்லிவிட்டு அவர் எதிர் வாசலையும் பார்த்தார்.

அவர் போன பிறகு என் மனைவி வண்டியை மேலே ஏற்றிவந்தாள். பரணிலிருந்து மூட்டையை இறக்கிக் கட்டில் மேல் வைத்தாள். அக்கா அதைப் பிரித்து ஒவ்வொரு புடவையாக உதறினாள். எழுதுகிறேன் என்று சொல்கிறவர்கள் எல்லாரும் எழுதிவிடுவதில்லை என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அவர் எழுதியிருந்தார். முதல் மழை மேகம் கட்டிய வாரத்தில் மண் அள்ளும் சின்ன இயந்திரம் ஒன்று சந்துக்குள் நுழைந்தது. வீடுவீடாகக் கால்வாய் மேல் இருந்ததை எல்லாம் பெயர்த்துக்கொண்டே வந்தது. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அக்காவின் வண்டியைக் கீழே கொண்டுவந்து நிறுத்தியிருந்தோம். எங்கள் சரிவில் பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சம் இருந்தது வாசற்படியோடு ஒட்டிய ஒரு துண்டு. கீழே கால்வாய், அதற்கப்பால் சந்து. இடுப்பளவு உயரத்தில் வீடு.

எதிர்வீட்டுக்காரர் சும்மா இருக்கவில்லை. "ஏன்பா, உன் வூட்டு வரிய கொறைக்கறதுக்கு எங்க வாசல ஒடைக்க வச்சிட்டியேபா! நீ பேசவே மாட்ட, பேசாத ஆளு ஒரு மனு குடுத்தா தெருவே காலி" என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தாலும் அவர்கள் எல்லாருடைய மோட்டார் சைக்கிளும் அன்றைக்குச் சந்திலேயே நின்றது. அன்று முதல் என்னைக் கண்டால் பேச்சை மாற்றுகிறவர்கள் இருந்தார்கள்.

அதன் பிறகு அக்கா வெளியே போகவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை நான் அவள் முன்னால் போய் நின்றேன். எதற்கு நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். "வேணாம்பா. நீ போ" என்றாள். அடுத்த வாரமும் அதேதான். கடைகளிலிருந்து புடவை வாங்கி வருவதும் கொண்டுபோய்க் கொடுப்பதும் மறுபடி என் வேலையாயிற்று. கடைக்காரர்கள் கூலியைக் குறைத்துக் கொடுத்தால் நான் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அக்கா இருந்தால் விடமாட்டாள் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது. ஒரு கடையில், "அவங்க ஏன் வர்றதில்ல? ஒடம்பு சரியில்லயா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வண்டி எதிர்வீட்டுச் சுவரோரமே நின்றது. மழையில் நனைந்தது. யாரோ அதன்மேல் சாக்கைக் காயப்போட்டிருந்தார்கள்.

என் மனைவியிடம் அக்கா சண்டை போடவில்லை. அதுதான் எங்களுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கேட்டதற்குப் பதில் சொன்னாள். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றாள். ஆனால் தானாக ஒரு பேச்சு எடுக்கவில்லை. என்னைக் கேலி செய்வதும் நின்றுபோயிற்று. என் மனைவி சமையற்கட்டில் பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைப்பாள், யாராவது ஏதாவது கேட்க மாட்டார்களா என்று. யாரும் கேட்க மாட்டோம்.

ஒருநாள் நானும் அக்காவும் மட்டும் இருந்தபோது கேட்டேன். "அன்னிக்கு நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அக்கா. நான் போறேன், வரேன்னு."

அவள் கையிலிருந்த முடிச்சை முடித்தாள்.

"சொல்லியிருந்தா? எதிர்வூட்டுக்காரன் நின்னுக்கினு இருந்தான். அவ பொய் சொன்னான்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கும். அவ இந்தச் சந்துல நடக்கணுமில்ல? தண்ணி புடிக்கப் போவணுமில்ல? நான் வூட்டுக்குள்ள இருக்கறவ."

"நீ அப்ப வூட்டுக்குள்ள இல்லயேக்கா."

"இப்ப இருக்கேன் இல்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

என் மனைவி அந்த ஆளிடம் சொன்னபோது பொய்யாக இருந்தது. இப்போது உண்மையாகிவிட்டது. வாசலைத் தாண்டாதவளாகவே அவளை ஆக்கிவிட்டோம். சாயங்காலம் கடையிலிருந்து வந்து இதை அப்படியே என் மனைவியிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று சொன்ன பிறகு தோன்றியது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். "எனக்காகவா சும்மா இருந்தாங்க?" என்று கேட்டாள்.

மழைக்காலம் பாதி கழிந்த பிறகு இன்னொரு முறை ஆள் வந்தார்கள். இந்தமுறை பெண் அதிகாரி. மனு மேலே போயிருக்கிறது, சரிபார்க்க வந்திருக்கிறேன் என்றார். கால்வாய்க்குக் குறுக்கே நாங்கள் போட்டிருந்த பலகையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து மேலே வந்தார். அக்கா கட்டிலில் குச்சு கட்டிக்கொண்டிருந்தாள். என் மனைவி இந்தமுறை எதையும் ஒளித்து வைக்கவில்லை. அதிகாரி வந்ததைப் பார்த்து எதிர்வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள், இந்தமுறை எது இடியப்போகிறது என்று பார்ப்பதற்கு.

அதிகாரி காகிதத்தைப் பார்த்துப் படித்தார். "வீட்டை விட்டு வெளியில் செல்வதில்லைன்னு இருக்குது. அப்படித்தானா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் நூலைப் பார்த்தாள்.

"இல்லமா" என்றாள் என் மனைவி. வாசலில் நின்றவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி சொன்னாள். "இல்லமா. தெனமும் போய்க்கினு இருந்தாங்க. கடைக்குப் போவாங்க, சர்ச்சுக்குப் போவாங்க. தாமல் வரைக்கும் தனியா போய் வந்தவங்க. ஸ்லோப்ப ஒடைச்சதுலேர்ந்துதான் போவல."

"அப்ப முன்னாடி ஏன் இப்படிச் சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். பாவமா தெரிஞ்சாதான் கொறைப்பாங்கன்னு நெனச்சேன். அவங்க வண்டியக்கூட நான்தான் எதிர்வூட்ல தள்ளி நிறுத்துனேன். இவருக்குத் தெரியும்" என்று வாசலில் நின்ற எதிர்வீட்டுக்காரரைக் காட்டினாள்.

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. "ஆமா மேடம், நம்ம செவுத்தோரம்தான் நின்னுக்கினு இருந்திச்சி" என்றார். பிறகு என் மனைவியைப் பார்த்து, "இதுக்குத்தானா அன்னிக்கு அந்த ஓட்டம் ஓடுன? நான் எவனோ திருட வந்துட்டான்னு நெனச்சேன்" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். காது மடல்கூடச் சிவந்திருந்தது.

அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவை மூடினார்.

"வெளியில போறாங்களா, இல்லையாங்கறது இதுல கேள்வியே இல்லம்மா. இங்க குடியிருக்காங்களா, அந்த எடம் அவங்களுக்காகக் கட்டுனதா, இது ரெண்டுதான் நான் பாக்கணும். ரெண்டும் சரியாத்தான் இருக்குது. கொறைக்கறதும் கொறைக்காததும் என் கையில இல்ல. எழுதி அனுப்பறேன்."

யாருக்கும் தேவைப்படாத ஒரு பொய்க்காக பாதி மழைக்காலம் அக்கா உள்ளே உட்கார்ந்திருந்தாள். அவர் சொல்லி முடித்தபோது எங்கள் மூன்று பேருக்கும் அது ஒரே நேரத்தில் விளங்கியது. எங்களில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"அந்த ஸ்லோப்பு மேடம்..." என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"கால்வாய் மேல போட முடியாதுங்க. அவங்களுக்குன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, மாத்திக் கட்ட நேரம் குடுத்துட்டுத்தான் ஒடைச்சிருப்பாங்க. யாருக்காக இருந்தாலும் அடைச்சுக்கும், தண்ணி உங்க வீட்டுக்குள்ளயேதான் வரும். சந்திலிருந்து வண்டி ஏற, எடுத்து வைக்கிற மாதிரி ஒரு இரும்புத் தகடு போட்டுக்குங்க. சரிவ உங்க எல்லைக்குள்ள எடுங்க. உள்ளாறதான் வெட்டணும்."

உள்ளே என்றால் முன்னறை. வாசற்படியை இடித்து, முன்னறைத் தரையை வெட்டி இறக்கினால்தான் வண்டி ஏறி இறங்கும். எங்கள் வீட்டில் வெளிச்சம் வருகிற அறை அது ஒன்றுதான். அக்காவின் கட்டில் ஒரு பக்கம். மறுபக்கம் என் மனைவியின் கட்டில். முதுகு வலி வந்த பிறகு அவளால் தரையில் படுக்க முடியாது. சரிவு வந்தால் இரண்டில் ஒரு கட்டிலுக்கு இடம் இருக்காது.

அதிகாரி போன அன்று சாயங்காலம் அக்காவும் என் மனைவியும் பேசிக்கொண்டார்கள். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது பேச்சு முடிந்திருந்தது. இருவருடைய கண்ணும் கலங்கியிருந்தது. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அக்கா முன்போல் என்னைக் கேலி செய்யத் தொடங்க இன்னும் நாள் ஆயிற்று. என் மனைவி இன்றைக்கும் எதிர்வீட்டு வாசலைக் கடக்கும்போது வேகமாக நடக்கிறாள்.

மழை விட்டதும் கொத்தனார் வந்தார். சரிவு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டார்.

"வாசலாண்டயே ஆரம்பிச்சா போதும்பா. கொஞ்சமா வெட்டு" என்றாள் அக்கா.

"அப்ப செங்குத்தா வருமேம்மா. வண்டி கவுந்துடும்."

"நான் மெதுவா எறங்குவேன். அவ கட்டில எடுக்காத."

"அண்ணி, சும்மா இருங்க" என்றாள் என் மனைவி. "என் கட்டில பின்னாடி நடையில போட்டுக்கறேன். நீ நடு ரூமு கதவுலேர்ந்து வெட்டுப்பா."

"நடையில இன்னா காத்து வருது? படுத்துப் பாத்தியா நீ?"

"நீங்க வுழுந்து வச்சீங்கன்னா மறுபடி யாரு பதில் சொல்றது?"

கொத்தனார் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சார், ரெண்டு பேரும் ரெண்டு அளவு சொல்றாங்க. வூட்டுக்காரர் நீங்க ஒரு அளவு சொல்லுங்க. அடுத்த வேலைக்குப் போவணும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேசாமல் இருந்தால் கொத்தனார் யாருடைய குரல் உரக்க வருகிறதோ அதன்படி வெட்டிவிட்டுப் போயிருப்பார். நான் முன்னறையின் கோடியில் இருந்த நடு அறைக் கதவு வரை நடந்து போய், அங்கே தரையில் காலால் ஒரு கோடு இழுத்தேன்.

"இங்கேருந்து வெட்டுபா" என்றேன்.

என் மனைவி கட்டிலை இழுக்கப் போனாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொத்தனார் முதல் அடியை அடித்ததும் அறை முழுக்கப் புழுதி எழுந்தது. அக்காவின் புடவைகளின்மேல் படாமல் இருக்க நான் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரி பற்றிய பதில் இன்னும் வரவில்லை.